புதுக்கோட்டை வட்டாரத்தில் கலை, தொல்லியல், இசை ஆய்வு வளர்ந்த வரலாறு

வட்டாரமும் எல்லையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓவியம், கல்வெட்டு, இசை ஆகிய மூன்றுக்குமான பழஞ்சான்றுகள் சில கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றைப் பற்றிய ஆய்வோ தனித்தனித் தடங்களில் வளர்ந்தது. முதல் எல்லையை வகுத்தது அரசியல். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. கிழக்கே பாக் நீரிணைக் கரையிலுள்ள மீமிசலும், அதற்கு அருகிலுள்ள ஆவுடையார்கோயிலும் அச்சமஸ்தானத்தைச் சேர்ந்தவையல்ல. அவை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. 1974 ஜனவரியில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் கடற்கரையும் உள்நாடும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. அதனால் சமஸ்தான அரசு வெளியிட்ட ஆய்வுத் தொகுதிகளில் கடலோரம் இடம்பெறவில்லை.

நாணயமும் கல்வெட்டும்

வட்டாரத்தின் தொன்மை மேலை நாட்டறிஞர் கவனத்துக்கு வந்தது ஒரு புதையலால். 1898இல் ஆலங்குடிப் பகுதியிலுள்ள கருக்காகுறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். காசுகளுள் காலத்தால் பிந்தியவை கி.பி. முதல் நூற்றாண்டின் வெஸ்பாசியன் பேரரசருக்கு உரியவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை உளியால் வெட்டப்பட்டிருந்தது. புழக்கத்திலிருந்து நீக்குவதற்காக அவ்வாறு செய்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ரோமானியப் பேரரசோடு இப்பகுதி கொண்டிருந்த வணிகத் தொடர்புக்கு இப்புதையல் ஒரு சான்று.

சமஸ்தானத்துக்குள் ஆய்வு நிறுவன வடிவம் பெற்றது 1910இல் புதுக்கோட்டை அருங்காட்சியகம் தொடங்கியபோது. மகாராஜா கல்லூரி முதல்வராயிருந்த எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916இல் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை வெளியிட்டார். 1929இல் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் அச்சேறியது. தொகுக்கப்பட்டவை 1,100க்கும் மேல். கே. ஆர். வேங்கடராம ஐயர் உருவாக்கிய சமஸ்தானக் கையேடு 1938க்கும் 1944க்கும் இடையில் வெளியானது. அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த கே. ஆர். சீனிவாசன் கல்வெட்டுகளை மொழிபெயர்த்தார். பெருங்கற்கால ஈமச்சின்னங்களையும் தாழிக்காடுகளையும் தமிழிலக்கியத்தோடு ஒப்பிட்டு 1946இல் கட்டுரை எழுதினார்.

சித்தன்னவாசல்

சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டும் உள்ளன. அறிவர்கோயில் குடைவரையில் தாமரைக்குளம், ஆடல்மகளிர், அரச இணை ஆகிய ஓவியங்கள் எஞ்சியிருக்கின்றன. அவ்வோவியங்களை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் தொல்லியலறிஞர் து. அ. கோபிநாத ராவும் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும்.

பாணியை மட்டும் நோக்கியவர்கள் அவற்றை முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தனவாகக் கொண்டனர். குடைவரையிலுள்ள தமிழ்ச் செய்யுட் கல்வெட்டு இக்கருத்தை மாற்றியது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமண ஆசாரியர் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்ததை அது சொல்கிறது. அதில் வரும் சீவல்லபன், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் என அடையாளம் காணப்பட்டதால், இன்றுள்ள ஓவியங்கள் அக்காலத்தன என்ற கருத்து வலுப்பெற்றது.

மூன்றாவதாக வேதியியல் வந்தது. அஜந்தா ஓவியங்களைப் பாதுகாக்க 1920களின் தொடக்கத்தில் ஐதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி உள்ளிட்ட வல்லுநர்களை அழைத்திருந்தது. தமிழகத்தில் அப்பணியைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன் மேற்கொண்டார். சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் முதலிய இடங்களின் சுண்ணப்பூச்சையும் நிறப்பொருள்களையும் அவர் சோதித்து, ஓவியம் தீட்டிய முறையை விளக்கினார்.

குடுமியான்மலை

குடுமியான்மலை மேலைக்கோயில் குடைவரையை அடுத்த பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த இசைக் கல்வெட்டு உள்ளது. 1904இல் கல்வெட்டுத் துறை அதைப் படியெடுத்தது. பி. ஆர். பண்டார்கர் பதிப்பித்த பாடம் எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் வெளிவந்தது. நாரதீய சிக்ஷையிலும் காணப்படும் ஏழு கிராமராகங்களுக்கு இக்கல்வெட்டு ஏழு பிரிவுகளை ஒதுக்குகிறது. சுரங்கள் நந்நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. சுரப்பெயர் ஒவ்வொன்றும் அ, இ, உ, எ என்ற உயிர்களை ஏற்று ‘ர, ரி, ரு, ரெ’ என்பதுபோல் மாறி வருகிறது. உருத்திராசாரியரின் மாணவனான ஒரு சிவபக்த அரசன் மாணவர் நலத்துக்காக இதை இயற்றினான் என்று முடிவுரை கூறுகிறது.

அரசனின் பெயர் அதில் இல்லை. இசையில் ஈடுபாடு கொண்ட மகேந்திரவர்மனே அவன் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. பிற்கால ஆய்வாளர்கள் அதை ஐயுற்றனர். எழுத்தமைதி காலத்தை ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு எனக் காட்டினாலும், அரசனை அடையாளம் காண அது மட்டும் போதவில்லை. திருமயத்திலும் மலையக்கோயிலிலும் ‘பரிவாதினி’ என்ற யாழ்வகையின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால், இசைப்பயிற்சி ஒரே இடத்தோடு நிற்கவில்லை என்பது தெளிவாகிறது. 1979இல் பிரிட்டிஷ் இசையியலாளர் ரிச்சர்ட் விடெஸ் இக்கல்வெட்டை இந்திய இசைக்குறியீட்டின் முற்கால ஆவணமாக ஆராய்ந்தார். எழுத்தியல் முடித்த இடத்திலிருந்து இசையியல் தொடர்ந்தது.

பல்கலைக்கழகத்தில்

சென்னைப் பல்கலைக்கழகம் 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது. முதலில் அதை ஏற்றவர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். இசைக் கல்வி 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தனித் தடத்தில் வளர்ந்தது. இதற்கு மாறாக, இத்தாலியின் போலோனா பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில், கிரேக்க இலக்கிய அறிஞர் பெனெதெத்தோ மார்சுல்லோவின் முயற்சியால், கலை, இசை, அரங்கு ஆகியவற்றை ஒரே பாடத்திட்டத்தில் இணைத்தது. தமிழகத்தில் இதற்கு நெருங்கிய அமைப்பு 1981இல் தஞ்சாவூரில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம். சிற்பம், இசை, நாடகம், கல்வெட்டியலும் தொல்லியலும், கடல்சார் வரலாறும் கடல்சார் தொல்லியலும் ஆகியவை அங்கே ஒரே வளாகத்தில் தனித்துறைகளாயின.

இணைந்து நோக்கும் தேவை

ஆவுடையார்கோயிலின் கருவறையில் இலிங்கத்தின் பாணம் இல்லை. ஆவுடை என்னும் பீடம் மட்டுமே உள்ளது. பிற கோயில்களைக் கட்ட ஒப்பந்தம் எழுதிய சிற்பிகள் இங்குள்ள கொடுங்கை (வளைந்த கூரைவிளிம்பு) போன்றவற்றை ‘நீங்கலாக’ எனக் குறித்ததாக வழக்கு உண்டு. மரச்சட்டங்களும் ஆணிகளும் போலக் கல்லில் வடித்த அக்கொடுங்கைகளைக் கலை வரலாறும் கட்டடத் தொழில்நுட்பமும் சேர்ந்தே விளக்க வேண்டும். உள்நாட்டில் பொற்பனைக்கோட்டையில் 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தின. சித்தன்னவாசலின் காலத்தைத் திருத்தியது கல்வெட்டு. குடுமியான்மலைக் கல்வெட்டுக்குப் பொருள் தந்தது இசையியல். இவ்வட்டாரச் சான்றுகள் ஒரு துறையால் மட்டும் முழுமையாக விளங்கியதில்லை என்பதே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஆய்வின் முடிவு.