காற்றுக்கும் வாடகை!

நல்லம்பள்ளியில் எனக்கு ஓர் அத்தை. தருமபுரிக்கும் தொப்பூர் கணவாய்க்கும் நடுவில், ஹைவேயை ஒட்டிய ஊர். அங்கிருந்து எனக்கு இரண்டு இலவம்பஞ்சுத் தலையணைகளை கூரியரில் அனுப்பினார். எடை மூணு கிலோ. பில்லோ இருபது கிலோவுக்கு! போனில் பொரிந்து தள்ளிவிட்டார். "ஏன்டா, காத்துக்குமா காசு கேப்பாங்க?"

கேட்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுப்பது கூரியர்காரர்கள் வழக்கம். 60, 40, 40 என்றால் 19.2. ரவுண்டாக 20 கிலோ. இதுவா, தராசு காட்டும் எடையா, எது அதிகமோ அதற்குத்தான் பில்.

இது கூரியர்காரர் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல்காரர்கள் இதில் அவர்களுக்கு அண்ணன்கள். 'டன்' என்ற சொல்லே ஒயின் பீப்பாயின் பெயரிலிருந்து வந்ததுதான். கப்பலில் எத்தனை பீப்பாய் அடங்கும் என்பதே அந்தக் காலக் கணக்கு. பிற்காலத்திலும், லேசான சரக்கு என்றால் 40 கன அடி இடத்தை ஒரு டன்னாக வைத்து வாடகை போட்டார்கள். (பி.காமில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் தூங்கியிருப்பேன்.)

இதில் வசமாக மாட்டியது பருத்தி. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து வந்த பஞ்சு நின்றுபோக, லங்காஷயர் மில்கள் இந்தியா பக்கம் திரும்பின. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. பொதபொதவென்று மூட்டையாக ஏற்றினால் கப்பல் நிறைந்துவிடும், எடை ஏறாது. லிவர்பூல் விலையில் வாடகையைக் கழித்த மிச்சம்தானே கரிசல்காட்டு விவசாயிக்கு?

அமுக்கினார்கள். முதலில் ஆட்கள் சுற்றித் திருகும் பிரஸ்கள். பிறகு நீராவி, ஹைட்ராலிக். அமுக்கிய பஞ்சு திமிராமலிருக்க இரும்புப் பட்டை. உதிரிப் பஞ்சு ரயில் வேகனையும் அடைத்துக்கொள்ளும் அல்லவா? 1876-ல் ரயில் தூத்துக்குடியைத் தொட்ட பிறகு, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) மாதிரி ரயிலடி ஊர்களிலும் பிரஸ்கள் முளைத்தன. வாடகை குறைந்தது சரி, லாபம் விவசாயி மடியில் விழுந்ததா? எனக்குச் சந்தேகம்தான். பஞ்சு பிரஸ்ஸைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்றால், விலை சொல்கிறவர் யார்?

இன்றைக்கும் இந்தியாவில் ஒரு பேல் பஞ்சு என்றால் 170 கிலோ.

அத்தைக்கு இந்தக் கதையை போனில் சொன்னேன். அடுத்த பார்சலில் தலையணை வரவில்லை. மிதித்து, அமுக்கி, கயிறு போட்டு இறுக்கிய சாக்கில் வெறும் இலவம்பஞ்சு. உறைகள் மடித்து உள்ளே. பில் ஒன்பது கிலோவுக்கு இறங்கியிருந்தது.

"வெயில்ல போட்டு அடி. புஸ்ஸுனு எழும்பிக்கும்" என்றார்.