வயிற்றில் தேங்கும் நீர்: சுச்ருதர் முதல் பொன்முடி வரை

ஊருக்கு லீவில் போகும்போது ஒரு வைத்தியத்தையும் முடித்துக்கொண்டு வருவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. பல் கட்டுவதில் ஆரம்பித்தது, கண்ணுக்கு லேசர் என்று போய், இப்போது 'டம்மி டக்' வரை வந்துவிட்டது. இரண்டு மூன்று பிரசவத்துக்குப் பிறகு தொங்கிப்போன வயிற்றுத் தோலை வெட்டி எடுத்து, விலகிய தசையை இழுத்துத் தைக்கும் ஆபரேஷன். இங்கே அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இதற்குக் காசு தராது. ஊரில் செலவு குறைவு, பார்த்துக்கொள்ள அம்மாவும் இருக்கிறார். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆபரேஷன் முடிந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தோலுக்கு அடியில் சேரும் நீர். இதற்கு 'சீரோமா' என்று பெயர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் சக்‌ஷன் பம்ப் போன்ற கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளன். உடம்பிலிருந்து நீரை வெளியே எடுக்க மனிதன் என்னென்ன செய்திருக்கிறான் என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்ட கதை இது.

கதை நம் நாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். மகோதரம் என்று நம் சித்த மருத்துவத்தில் சொல்வார்களே, வயிறு நீர் கோத்துப் பெருத்துப்போகும் நோய், அதற்கு சுச்ருத சம்ஹிதையில் ஒரு சிகிச்சை இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழைய நூல். நோயாளிக்கு எண்ணெய் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நெருங்கியவர்கள் அவரை அக்குளில் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாக நான்கு விரல் தள்ளி, நெல்மணி போன்ற முனையுள்ள கருவியால் துளைக்க வேண்டும். பிறகு ஈயம் முதலான உலோகக் குழாயையோ இறகுத் தண்டையோ சொருகி நீரை வடிக்க வேண்டும்.

இதற்கு மேல் அந்த நூல் சொல்லும் மூன்று விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, எல்லா நீரையும் ஒரே நாளில் எடுக்காதே. எடுத்தால் தாகம், காய்ச்சல், மூச்சிரைப்பு வரும். பல நாள் இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடு. இரண்டு, எடுத்த பிறகு கம்பளி, பட்டு, தோல் இவற்றில் ஒன்றால் வயிற்றை இறுக்கிக் கட்டு. மூன்று, ஆறு மாதம் பத்தியம்.

இது வேறு நீர், அது வேறு நீர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகோதரத்தில் நீர் குடலைச் சுற்றியுள்ள அறைக்குள் சேர்கிறது. பெரும்பாலும் ஈரல் கெட்டுப்போனதால் வருவது. சீரோமா அந்த அறைக்கு வெளியே, தசைக்கும் கொழுப்புக்கும் நடுவில் சேர்வது. ஈரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சிகிச்சையின் ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றுதான்: எடு, இறுக்கிக் கட்டு, காத்திரு, மறுபடி எடு.

இந்த அறிவு வடக்கோடு நின்றுவிடவில்லை. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 15 படுக்கை கொண்ட ஓர் ஆதுலர்சாலையைப் பற்றியும் அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றியும் சொல்கிறது. வைத்தியர் தனி, அறுவை செய்பவர் தனி. அறுவைக்கு அதில் வரும் சொல் 'சல்லியக் கிரியை'. சுச்ருதரின் துறைக்கு உள்ள அதே பெயர்.

இனி ஐரோப்பா. பாரிஸில் சாஸ்ஸென்யாக் என்ற அறுவை மருத்துவர் ரப்பர் குழாயை வைத்துச் சீழை வடிப்பது பற்றி 1859ல் பெரிய புத்தகமே எழுதினார். 1871ல் விக்டோரியா மகாராணிக்கு அக்குளில் கட்டி வந்தபோது, ஸ்காட்லாந்து பால்மோரல் அரண்மனையில் ஜோசப் லிஸ்டர் அதைக் கீறினார். துணித்திரி வைத்ததில் சீழ் சரியாக வடியவில்லை. கையில் இருந்த மருந்துத் தெளிப்பானின் ரப்பர் குழாயை வெட்டி உள்ளே வைத்தார். வடிந்தது. மகாராணிக்கும் அன்று கிடைத்தது ஒரு துண்டுக் குழாய்தான்.

வயிற்றுத் தோலை வெட்டிக் குறைக்கும் ஆபரேஷன் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1890ல் பிரான்சில் டெமார்ஸ், மார்க்ஸ் இருவரும் செய்தார்கள். 1899ல் அமெரிக்காவில், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஹோவர்ட் கெல்லி, ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏழு கிலோவுக்கும் மேல் தோலும் கொழுப்பும் எடுத்ததை எழுதி வைத்தார். அது அழகுக்கான ஆபரேஷன் அல்ல, நடக்க முடியாத பாரத்தை இறக்கிய ஆபரேஷன். அழகுக்கும் உரியதாக இது பரவியது 20ஆம் நூற்றாண்டில். பிரேசிலின் பிட்டாங்கி 1967ல் வெளியிட்ட அனுபவங்கள் அதில் பெரிய திருப்பம்.

தோலை அவ்வளவு அகலமாகத் தசையிலிருந்து பிரித்து, மறுபடி மேலே போர்த்தித் தைத்தால் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கும். நிணநீர்க் குழாய்கள் அறுந்திருக்கும். நாம் எழுந்து உட்காரும்போதெல்லாம் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று உரசும். அந்த இடத்தை உடம்பு நீரால் நிரப்புகிறது. பத்தில் ஒருவருக்கு இது வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1954ல் பாரிஸில் ரெடான் என்பவர் காற்றுப் புகாத உறிஞ்சு குழாயைக் கொண்டுவந்தார். 1970களில் ஜாக்ஸன்-ப்ராட் குழாய் வந்தது. கையெறி குண்டு மாதிரி ஒரு சின்ன ரப்பர் உருண்டை. அதை அமுக்கி மூடிவிட்டால் அது விரிய விரிய நீரை இழுக்கும். ஒரு நாளில் 30 மிலிக்குக் கீழே வந்தால் குழாயை எடுத்துவிடுவது பொதுவான வழக்கம்.

பிரச்சினை ஆரம்பிப்பதே குழாயை எடுத்த பிறகுதான்.

எங்கள் பக்கம் நாகர்கோவில். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். 1951ல் திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ் வந்ததிலிருந்து, பெரிய வைத்தியம் என்றால் பாதிப்பேர் வடக்கே பார்த்துத்தான் பஸ் ஏறுவோம். என் அண்ணியும் அங்கேதான் ஒரு மருத்துவமனையில் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார். வீட்டில் சொன்னது 'ஹெர்னியா ஆபரேஷன்' என்று. அண்ணனுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

குழாயை எடுத்து ஒரு வாரம் ஆனதும் குழந்தைகள் பொன்முடி பார்க்க வேண்டும் என்றார்கள். நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வரை சிரமம் இல்லை. அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் அடிவயிற்றில் தண்ணீர்ப் பை ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வது போல இருந்ததாம். மலையில் பனி மூட்டம், எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள், இவர் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. "வாயுவா இருக்கும்மா, சுக்கு வெந்நி குடிச்சா சரியாயிரும்" என்றார் அத்தை. ஹெர்னியா என்று நினைத்தவர் வேறு என்ன சொல்வார்? அண்ணியும் சரி அத்தை என்று சொல்லிவிட்டார். தானாக வற்றிவிடும் என்று இரண்டு நாள் பேசாமலும் இருந்தார். அமெரிக்கா திரும்ப நான்கு நாள்தான் பாக்கி என்றபோது, பயந்து போய் அண்ணனிடம் சொன்னார்.

டாக்டர் ஊசியால் எடுத்தார். வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். அந்த இடம் இன்னும் மரத்திருந்ததால் பெரிதாக வலியும் இல்லை. பெல்ட்டை இறுக்கிப் போட்டு அனுப்பினார். பிறகு இன்னும் மூன்று தடவை எடுக்க வேண்டி வந்தது. டிக்கெட்டை மாற்றினார்கள், அண்ணன் லீவை நீட்டினான், நீர் வருவது நின்றது. அத்தைக்கும் விஷயம் தெரிந்தது. அவர் திட்டவில்லை. "முதல்லயே சொன்னா நான் கூட வந்திருப்பேன்லா" என்றாராம்.

அறுவை மருத்துவர்களும் இதே இடத்தில்தான் யோசித்தார்கள். நீரை எடுத்துக்கொண்டே இருப்பதை விட, அது சேரும் இடத்தையே இல்லாமல் செய்தால் என்ன? பிரேசிலின் பரூடி, ஃபெரெய்ரா இருவரும், தோலடுக்கைத் தசையோடு பல இடங்களில், மெத்தை தைப்பது போலத் தைக்கும் முறையை 1998ல் எழுதினார்கள். 2000ல் டல்லாஸில் ஹார்லன் போலாக், டாட் போலாக் இருவரும் இழுவிசையைப் படிப்படியாகப் பகிரும் தையலை விவரித்தார்கள். இப்படித் தைத்துக் குழாயே வைக்காத மருத்துவர்களும் உண்டு. அடிக் கொழுப்பில் உள்ள மெல்லிய சவ்வையும் நிணநீர்க் குழாய்களையும் வெட்டாமல் விடுவதும் நீரைக் குறைக்கிறது.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தைக் கட்டி வளர்த்த இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் (2024ல் காலமானார்) பிற்காலத்தில் சுச்ருதரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். செயற்கை இதய வால்வை இந்தியாவில் உருவாக்கியவருக்கும் அந்தப் பழைய நூலில் கற்க ஏதோ இருந்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: கருவி மாறிவிட்டது, காத்திருக்கும் காலமும் தாங்கிப் பிடிக்க வேண்டிய கையும் மாறவில்லை. நம் லீவு மூன்று வாரம். சீரோமா வருவதும் அதே வாரங்களில்தான். தாங்கிப் பிடிக்க வேண்டியவர்களிடமோ நாம் ஹெர்னியா என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

ஆகவே போகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஆறு வாரமாவது ஊரில் இருக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். நடுவே தையல் போடுவாரா, குழாயை எப்போது எடுப்பார், நீர் சேர்ந்தால் யாரிடம் வர வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வயிற்றில் அலையடிப்பது போல இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். நீங்களாக ஊசி போட்டு எடுக்க வேண்டாம். சிவப்பு, சூடு, காய்ச்சல், நாற்றம் இருந்தால் கிருமி சேர்ந்திருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காலில் ஒரு பக்கம் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அது நீர் அல்ல, ரத்தக்கட்டாக இருக்கலாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நீண்ட விமானப் பயணம் அந்த ஆபத்தைக் கூட்டும். திரும்பும்போது ஆபரேஷன் குறிப்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே உள்ள டாக்டருக்கு அது இல்லாமல் ஒன்றும் புரியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், என்ன ஆபரேஷன் என்று வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுங்கள்.