சிறையிருப்பின் தலைவர்கள்



இராஜாக்களின் இரண்டாம் புஸ்தகம் ஒரு பந்தியோடு முடிவடைகிறது. யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீனை, அவன் சிறைப்பட்ட 37ஆம் ஆண்டில், பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் விடுவித்துத் தன்னோடு போஜனம்பண்ணச் செய்தான்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின்பு, அந்நாட்டு யூதரின் தலைவர்கள் தாங்கள் இந்த யோயாக்கீனின் வழியாய்த் தாவீதின் குலத்தார் என்று உரிமை கொண்டாடினர். அவர்கள் 'ரேஷ் கலூத்தா' என அழைக்கப்பட்டனர். அரமேய மொழியில் 'சிறையிருப்பின் தலைவர்' என்பது அதன் பொருள். பாரசீகரின் ஆட்சி போய், பாக்தாத் கலீபாக்களின் ஆட்சி வந்தது. அப்பதவியோ அக்குலத்தாருக்கே உரியதாயிருந்தது. நியாயாதிபதிகளை நியமிப்பதும், அரசனுக்கு முன்பாகத் தம் மக்களுக்காகப் பேசுவதும் அவர்கள் பணி.

பத்தாம் நூற்றாண்டில் தாவீது பென் சக்காய் அப்பதவியில் இருந்தார். எகிப்தில் பிறந்த சாதியா என்னும் அறிஞரை 928இல் சூரா கல்விச்சாலைக்குத் தலைவராக்கியவர் அவரே. சில ஆண்டுகளுக்குள் ஒரு சொத்து வழக்கு வந்தது. தீர்ப்பு நிறைவேறினால் தலைவருக்கும் அதில் ஒரு பங்கு சேரும். அத்தீர்ப்பில் கையொப்பமிடச் சாதியா மறுத்துவிட்டார். தலைவரின் மகன் யூதா நேரில் வந்து மிரட்டியும் அவர் இணங்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பதவிநீக்கம் செய்ததாக அறிவித்தனர். ஏறத்தாழ 7 ஆண்டுகள் சமுதாயம் பிளவுண்டு கிடந்து, பின்னரே ஒப்புரவாக்குதல் உண்டாயிற்று.

940இல் தாவீது மரித்தார். சில மாதங்களில் யூதாவும் மரித்தான். எஞ்சியவன் 12 வயதுச் சிறுவன், தன்னை மிரட்டியவனின் மகன். அவனைச் சாதியா தம் வீட்டில் சேர்த்து வளர்த்துக் கல்வி புகட்டினார் என்று, பாபிலோனியரான நாத்தான் எழுதிய வரலாறு கூறுகிறது.

பிரியமானவர்களே, பிறப்பு ஒருவருக்குப் பதவியைத் தரலாம், நீதியைத் தருவதில்லை. அநீதிக்கு உடன்பட மறுப்பவர்கள் எல்லாச் சபைக்கும் தேவை. ஆனால் நம்முடைய வழக்குகள் பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்கும் போய்விடுகின்றன. பெரியவர்களின் பகையைப் பிள்ளைகள் சுமக்கிறார்கள். சாதியா தவறான தீர்ப்பை எதிர்த்தார். அந்த வீட்டை வெறுக்கவில்லை.

நாம் யாரோடு வழக்காடுகிறோமோ, அவர் வீட்டுப் பிள்ளைக்கு நம் வீட்டில் இடமுண்டா? இந்த வாரம் இதை ஜெபத்தோடு சிந்திப்போம்.