ஆஸ்பத்திரிச் சீட்டின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் இரவு ஒன்பது மணிக்குப் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், அப்பாவுக்கு ஃபயர் ஆபீஸ்ல தீ பட்டுருச்சு. மதுரை ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காங்க. கணக்கப்பிள்ளை வந்து ஆஸ்பத்திரி பேப்பர் பூராம் குடுங்க, இன்சூரன்ஸுக்கு வேணும்ங்கிறாரு. குடுக்கலாமா?" ஜெராக்ஸ் கொடு, அசலைப் பெட்டியில் வைத்துப் பூட்டு என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு நூறு வருஷக் கதை இருக்கிறது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது 1920-களின் தொடக்கத்தில். ஏழாம் வகுப்பில் நானே இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏறக்குறைய அதே நேரத்தில் நடந்த இன்னொன்றைச் சொன்னதில்லை. 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் வேலையில் அடிபட்டவர் முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். கூலிக்காரர் எங்கே போய் நிரூபிப்பது? வேலையினால், வேலை நேரத்தில் காயம் பட்டது என்றாலே, சில விலக்குகள் நீங்கலாக, இழப்பீடு உண்டு என்றது புதுச் சட்டம். யார் தவறு என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில், காயம் எவ்வளவு, எங்கே பட்டது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பதில் சொல்வது டாக்டரின் தாள். ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் பண மதிப்பு வந்தது அப்போதுதான்.

சட்டத்தோடு ஒரு பட்டியல் இருக்கிறது. இரண்டு கையும் போனால் 100 சதவீதம். ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. கட்டைவிரல் போனால் 30. மிகக் கடுமையாக முகம் சிதைந்தால் அதுவும் 100. படிக்கவே மனசு சங்கடப்படும். ஆனால் நம் ஊர்க் காயமான தீக்காயம் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. விரல் இருக்கும், தோல் சுருங்கி மடங்காது. கை இருக்கும், தூக்க வராது. பட்டியலில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். ஆக வெட்டுக்காயக்காரரைவிடத் தீக்காயக்காரருக்குத்தான் தாள் அதிகம் தேவை. (2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இந்தச் சட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள். அடிப்படை மாறவில்லை.)

முதலாளி தரப்புக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. தகவல் தெரிந்து மூன்று நாளுக்குள் தன் செலவில் டாக்டரைக் கொண்டு பரிசோதிக்கக் கேட்கலாம். தொழிலாளி மறுத்தால் உரிமை நிறுத்தி வைக்கப்படும். அதனால் பரிசோதனைக்குப் போக மாட்டேன் என்று முரண்டு பிடிக்காதீர்கள். அதற்காக வீட்டில் இருக்கிற அசல் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குப் பாதை வேறு. அங்கே மருத்துவ வாரியம்தான் சதவீதம் சொல்லும். அதை வாங்கிக்கொண்டு இந்தச் சட்டத்திலும் கேட்க முடியாது.

1990-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிவகாசித் தொழிலாளர் ஒவ்வொருவரையும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும், பிரீமியம் முதலாளி கட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. கூடவே நம் சீட்டைப் படிக்க மூன்றாவதாக ஓர் ஆளும் வந்தார், இன்சூரன்ஸ்காரர்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அந்தப் புகையை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். இறந்த நாற்பது பேர் அளவில் பலர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை. தீயைப் பார்த்து ஓடிப்போன அக்கம்பக்கத்துக்காரர்கள். தொழிலாளர் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று உண்டு. கலெக்டரிடம் ஐந்து வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். சட்டம் வந்தபோது வைத்த தொகை உயிருக்கு 25,000 ரூபாய், மருத்துவச் செலவுக்கு அதிகபட்சம் 12,500. அதற்கும் பில் வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. ஜூன் மாதம் வந்த ஆணையில், இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம். தீக்காயம் 50 சதவீதத்துக்கு மேல் என்றால் 15 லட்சம், 25 முதல் 50 வரை 10 லட்சம், 5 முதல் 25 வரை 5 லட்சம், வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றவருக்கு 2 லட்சம்.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது? 1951-ல் எடின்பரோவில் வாலஸ் என்ற மருத்துவர் எழுதிப் பரவிய ஒன்பதாம் வாய்ப்பாடு. தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, முன்பக்க உடம்பு 18, பின்பக்கம் 18, மிச்சம் 1. நோயாளியின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து ஏறக்குறைய 1. ஆக 24-க்கும் 26-க்கும் இடையே இருப்பது இரண்டு உள்ளங்கை அளவுத் தோல். அந்த ஆணையின்படி அதன் விலை 5 லட்சம். ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வந்து நிற்கும்போது சிவகாசியில் ஒரு டாக்டர் அவசரத்தில் போடுகிற மதிப்பும், மதுரை ராஜாஜி மருத்துவமனை (என் அம்மாவுக்குக் கடைசிவரை அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான்) வார்டில் புண்ணைக் கழுவிப் பார்த்தபின் போடுகிற மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு தாளும் உங்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சதவீதத்தைவிடப் பெரியது இன்னொன்று உண்டு. அவசரப் பிரிவில் எழுதுகிற ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேடு. எப்போது, எங்கே, எப்படி நடந்ததாகச் சொல்லப்பட்டது என்று அதில் எழுதுவார்கள். இதை நான் பாடம் படித்த விதம் வேறு.

1994. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா, ஒரு காண்ட்ராக்டரின் செட்டில் திரி வேலை செய்தார். தீப்பிடித்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வேனில் போகும்போதே காண்ட்ராக்டர், "அடுப்புன்னு சொல்லிருக்கா, போலீஸ் கேஸ் ஆயிரும், செலவு பூராம் நான் பாத்துக்கிறேன்" என்றார். டாக்டர் கேட்டபோது அந்த அம்மா அடுப்பு என்றே சொன்னார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அது அந்தக் குடும்பத்துக்கு நல்லது என்றே நினைத்தேன். செலவுக்குப் பணம் இரண்டு மாதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வக்கீலிடம் போனோம். ஏ.ஆர். நகலைப் படித்தார், மடித்து மேஜைமேல் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றாள். இன்று அவள் இந்தப் பக்கத்தில் என் நண்பர் பட்டியலில் இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் நகல் கேட்பதே தயக்கமாக இருக்கும். 1996-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் நோயாளிக்குத் தன் ஆவணங்களைப் பெறும் உரிமை உண்டு என்றது. 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைத் தர வேண்டும் என்கின்றன. உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதற்குப் பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம். அதே விதிகளில் நோயாளியின் அந்தரங்கத்தைச் சில விலக்குகள் தவிர வெளியே சொல்லக்கூடாது என்றும் இருக்கிறது. கைத் தீக்காயத்துக்கு இழப்பீடு கேட்பவரிடம் பழைய காசநோய்ச் சீட்டும், மனைவியின் பிரசவச் சீட்டும் எதற்கு?

டாக்டர் போட்ட சதவீதமே கடைசி வார்த்தை என்றும் இல்லை. முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்று ஆணையர் சொன்னது அங்கே நிலைத்தது. 1976-ன் சட்ட அறிக்கைகளில் அது இருக்கிறது. 2010-ல் ராஜ்குமார் வழக்கில், அது சாலை விபத்து வழக்கு, உடல் ஊனம் வேறு, சம்பாத்திய இழப்பு வேறு என்று நீதிமன்றம் விளக்கியது. சிகிச்சை தராமலே சான்று எழுதுகிற டாக்டர்களின் தாளை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே பார்த்த டாக்டரின் பெயர், வார்டு எண், தேதி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்த பிள்ளையின் வீட்டுக்கு மறுநாள் காலையில் போனேன். டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது, பில்கள் இருந்தன, ஏ.ஆர். நகல் இல்லை. மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இழப்பீட்டு ஆணையரிடம் கேட்க இரண்டு வருட அவகாசம் உண்டு. இவர்களுக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. கணக்கப்பிள்ளை ஜெராக்ஸை வாங்கிக்கொண்டார். முகம் கொஞ்சம் சுருங்கியது. கொடுத்த தாள்களின் பட்டியலை எழுதி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து கேட்டேன். அவரும் என்னிடம் படித்தவர்தான். போட்டுக் கொடுத்தார்.