யேட்ஸின் சுரப்பிகள்

கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட யேட்ஸ் பைசாண்டியம் போய்ச் சேர்ந்ததோடு முடிந்துபோனார். பி.ஏ. ஆங்கிலத்துக்கு அது போதும் என்று பாடத்திட்டம் வகுத்தவர்கள் நினைத்திருக்கலாம். கடைசி ஐந்து வருஷத்துக் கவிதைகளை வேலைக்குச் சேர்ந்த பிறகு, பேங்க் முடிந்து வந்த மாலைகளில்தான் நானாகப் படித்தேன். அந்தக் கவிதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓர் அறுவைச் சிகிச்சையைத் தொடாமல் போவதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

1934 ஏப்ரலில், 68 வயதில், யேட்ஸ் லண்டனில் நார்மன் ஹெயர் என்ற டாக்டரிடம் ஸ்டைனாக் சிகிச்சை செய்துகொண்டார். 1932ல் லேடி கிரிகரி இறந்த பிறகு அவருக்குக் கவிதை சரியாக வரவில்லை. ஊற்று வற்றிவிட்டதோ என்ற பயம் இருந்தது. சிகிச்சைக்குப் பின் தனக்கு இரண்டாவது முறை பருவம் வந்துவிட்டதாக அவரே சொல்லிக்கொண்டார். டப்ளின் பத்திரிகைகள் சுரப்பிக் கிழவர் என்று கேலி செய்தன. 1980களில் ரிச்சர்ட் எல்மன் இந்த இரண்டாம் பருவத்தைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். கத்திதான் கவிதை எழுதியதா என்ற கேள்வி இப்படியாக விமர்சனத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 1889 ஜூனில் பாரிஸ் உயிரியல் சங்கத்தில் பிரௌன்-செக்கார் என்ற 72 வயது உடலியல் அறிஞர் எழுந்து, நாய், கினிப்பன்றி இவற்றின் விதைச்சாற்றைத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டதாகவும் தெம்பு திரும்பிவிட்டதாகவும் அறிவித்தார். அவர் தயாரித்த முறையில் அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்கவே முடியாத அளவு சொற்பம் என்பது பின்னால் சோதித்துப் பார்த்தபோது தெரிந்தது. ஹார்மோன் என்ற சொல்லே 1905ல்தான் ஸ்டார்லிங்கால் புழக்கத்துக்கு வந்தது. வியன்னாவில் ஓய்கன் ஸ்டைனாக் வேறு வழி கண்டார். விந்து வெளியேறும் குழாயைக் கட்டிவிட்டால் ஹார்மோன் சுரக்கும் செல்கள் பெருகும், முதுமை பின்வாங்கும் என்பது அவர் சித்தாந்தம். 1923ல் ஃப்ராய்ட்கூட, தாடைப் புற்றுநோய் திரும்பாது என்ற நம்பிக்கையில், இதைச் செய்துகொண்டார்.

ஸ்தூலமாகப் பார்த்தால் இது நமக்குத் தெரிந்த வாசக்டமிதான். 1976ல் நெருக்கடி நிலையின்போது நம் நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இதைச் செய்தார்கள். அவர்களில் எவருக்கும் இளமை திரும்பியதாகத் தகவல் இல்லை. உண்மையான டெஸ்டோஸ்டிரோன் 1935ல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அதே வருஷம் பூட்டெனான்ட்டும் ருஸிக்காவும் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். யேட்ஸ் ஒரு வருஷம் முந்திவிட்டார். அவர் உடம்புக்குள் புதிதாக ஒன்றும் போகவில்லை.

அப்படியானால் கவிதைகள் எங்கிருந்து வந்தன? நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். 1917ல் மனைவி தன்னிச்சையாக எழுதிய பக்கங்களிலிருந்து ஒரு பிரபஞ்ச சக்கரத்தையே கட்டிக்கொண்டவர் அவர். சடங்கு எதுவானாலும் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளத் தெரிந்த மனசு. சிகிச்சை முடிந்து இரண்டு வருஷத்துக்குள் மயோர்க்கா தீவில் புரோகித் சுவாமியோடு உட்கார்ந்து உபநிஷத்துகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்; 1937ல் பத்து உபநிஷத்துகள் புத்தகமாக வந்தன. சுரப்பியும் ஆத்மாவும் அவருக்கு முரணாகப் படவில்லை.

ஆனால் நம்பிக்கை என்ற விடையும் எனக்குப் போதவில்லை. இளமை திரும்பிய மனிதன் எழுதியவையாக அந்தக் கவிதைகள் இல்லை. ஆசை அடங்கவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள அவமானத்தை மறைக்காமல் எழுதினார் என்பதுதான் அவற்றின் பலம். சிகிச்சை நிஜமாகவே பலித்திருந்தால் சர்க்கஸ் மிருகங்கள் ஓடிப்போன கவிதை எழுதப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இதுவரை வந்த பிறகு வேறொன்று உறுத்துகிறது. 1934ல் ஜார்ஜ் யேட்ஸுக்கு 41 வயது. கிழவரின் சுரப்பியைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் அந்த அம்மாளின் உடம்பு அடுத்த பத்து வருஷத்தில் எதைக் கடந்திருக்கும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. பெண்ணுக்கான ஹார்மோன், கவிதைக்குள் வராமல், நேராக வியாபாரத்துக்குள் போனது. 1942ல் அமெரிக்காவில் பிரெமரின் மாத்திரை வந்தது. சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்தது. 1966ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், மாதவிலக்கு நிற்பது ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை சாப்பிட்டால் பெண் என்றைக்கும் பெண்ணாக இருக்கலாம் என்று புத்தகம் போட்டார். மருந்துக் கம்பெனிகளின் பணம் அவருக்குப் போனது பின்னால் தெரிந்தது. 1975ல், ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிட்டால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வருவது அதிகமாகிறது என்று தெரிந்தது. கூடவே புரோஜெஸ்டின் சேர்த்தார்கள். 2002ல், 16,608 பெண்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் இந்தச் சேர்க்கையைப் பாதியில் நிறுத்தினார்கள். 10,000 பெண்களுக்கு வருஷத்துக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. தலைப்புச் செய்தியில் முதல் பாதிதான் வந்தது. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கவே பயந்தார்கள். 60 வயதுக்குள், விலக்கு நின்று பத்து வருஷத்துக்குள், தொந்தரவு அதிகமுள்ள பெண்களில் பெரும்பாலோருக்குக் கெடுதலைவிட நன்மை கூடுதல் என்ற நிதானம் மெதுவாகத்தான் திரும்பியது.

என் அம்மாவுக்கு 49 வயதில் இது வந்தது. நடு ராத்திரியில் எழுந்து, நனைந்த ரவிக்கையோடு பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாள். பகலில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவாள். டாக்டர், "இந்த வயசுல அப்படித்தாம்மா" என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். வீட்டில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் சிடுசிடுப்பு. நான் அப்போது பக்கத்து அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு பைசாண்டியத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். முதுமை, உடம்பு, ஆன்மா என்று மூன்று உபதலைப்புகள்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், அந்த ராத்திரிகளில் என்னம்மா செய்தது என்று. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "உன் ரூம்ல லைட் எரிஞ்சுண்டிருக்கும். படிக்கிறான், தொந்தரவு பண்ண வேண்டாம்னு உக்காந்திருப்பேன்" என்றாள்.