குல்மார்க்கின் நெடூ குடும்பம்

பிஸ்கட்டவேயில் ஜனவரி பிறந்துவிட்டால் நம் பிள்ளைகள் வெர்னனில் உள்ள மவுண்டன் க்ரீக்குக்கோ, பென்சில்வேனியாவின் போகோனோ மலைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பனிச்சறுக்கு என்றால் அமெரிக்காவும் ஐரோப்பாவும்தான் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவில் 1927-லேயே பனிச்சறுக்குச் சங்கம் இருந்தது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பெரியவர்களில் பலருக்கும் அது தெரியாது. ஆகவே இந்த வாரம் குல்மார்க். அதைவிட முக்கியமாக, அங்கே ஆட்சி மாற்றங்களைத் தாண்டி விடுதி நடத்திய ஒரு குடும்பம்.

மைக்கேல் ஆடம் நெடூ, அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த டுப்ரோவ்னிக் துறைமுகத்துக்காரர். பிழைப்புத் தேடி இந்தியா வந்து, லாகூரில் ஹோட்டல் நடத்திப் பெயர் எடுத்தார். 1888-ல் குல்மார்க்கில் ஒன்று, 1900-ல் ஸ்ரீநகரில் ஒன்று என்று தொழில் விரிந்தது. குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்வெளி. அன்று வண்டிப்பாதை தங்மார்க்கோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தேவதாரு மரங்களுக்கு இடையே மட்டக்குதிரையில் ஏற வேண்டும். மாவு மூட்டை முதல் கட்டில் வரை எல்லாமே சுமையாட்களின் முதுகில்தான் மேலே போயின. அப்படிப்பட்ட இடத்தில் ஹோட்டல் கட்ட ஒருவர் துணிந்தார் என்பதே என்னைப் பொறுத்தவரை பெரிய செய்தி.

வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் கோடையில் வந்து கோல்ஃப் ஆடினார்கள். குளிர் தொடங்கியதும் இறங்கிவிட்டார்கள். பனி விழுந்தபின் காவல்காரர்களைத் தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை. ஆங்கிலேயர்கள் 1927-ல் தொடங்கிய இந்தியப் பனிச்சறுக்குச் சங்கம் அதை மாற்றியது. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என ஆண்டுக்கு இரண்டு கூடுகைகள். இழுவைக் கம்பி எதுவும் கிடையாது. பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே உள்ள கிலன்மார்க் புல்வெளி வரை ஏறினால்தான் ஒரு முறை சறுக்கி இறங்கலாம். காலை முழுவதும் ஏறினாலும் இறங்குவது சில நிமிடம்தான்.

பனிக்காலத்தில் விடுதி நடத்துவது எளிதல்ல. காஷ்மீர் விடுதி அறைகளின் உயிர்நாடி ‘புகாரி’. இரும்புத் தகட்டில் செய்த உருளை அடுப்பு அது. புகைக்குழாய் சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியேறும். விறகு போட்டுக்கொண்டே இருந்தால் அறை தகிக்கும், மறந்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர்க் குடத்தின் மேல் பனி ஆடை படரும். அதனால் அறைக்கு அறை விறகு சுமக்க ஆள் வேண்டும். இரவு பெய்த பனியைக் கூரையிலிருந்து வாரித் தள்ளவும் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் உத்தரம் முறியும். அந்த ஆட்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தார். ‘ஃபெரன்’ அங்கிக்குள் கரிக்கங்கு நிரப்பிய காங்ரிச் சட்டியை அணைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள். அவர்கள் பெயர் எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் ஏறியதில்லை.

நெடூவின் மகன் மைக்கேல் ஹென்றி, ஹாரி என்று அழைக்கப்பட்டவர். இஸ்லாத்தைத் தழுவி, மீர் ஜான் என்ற குஜ்ஜர் இனப் பெண்ணை மணந்தார். வெள்ளைக்கார முதலாளியாக வந்த குடும்பம் அந்தத் திருமணத்தோடு காஷ்மீரின் குடும்பமாகிவிட்டது. அவர்கள் மகள் அக்பர் ஜஹான் 1933-ல் காஷ்மீர் அரசியல் தலைவர் ஷேக் அப்துல்லாவை மணந்தார். பின்னர் முதலமைச்சர்களான பரூக் அப்துல்லாவின் தாயும் ஒமர் அப்துல்லாவின் பாட்டியும் இவரே. பின்னாளில் இரண்டு முறை மக்களவை உறுப்பினராகவும் இருந்தார்.

1947 அக்டோபரில் பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த பழங்குடிப் படையினர் பாரமுல்லாவைச் சூறையாடினார்கள். அந்தப் படையெடுப்புக்கு ‘ஆபரேஷன் குல்மார்க்’ என்று ரகசியப் பெயர் வைக்கப்பட்டிருந்ததாக இந்திய ராணுவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பிரிவினையால் லாகூர் விடுதி ஒரு நாட்டிலும் காஷ்மீர் விடுதிகள் இன்னொரு நாட்டிலுமாகப் பிரிந்தன. லாகூர் நெடூஸ் கைமாறி, அந்த இடத்தில் இன்று அவாரி ஹோட்டல் நிற்கிறது. 1948-ல் இந்திய ராணுவம் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. அதுவே இன்றைய உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற விளையாட்டை நம் சிப்பாய்கள்தான் உயிரோடு வைத்திருந்தார்கள்.

1953 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அதிகாலை, ஜம்மு காஷ்மீர் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட ஷேக் அப்துல்லா கைதானதும் இதே குல்மார்க்கில்தான். மனைவியின் குடும்பம் விடுதி கட்டிய மலையில் கைதான அவர், 1965-ல் மறுபடியும் கைதானபோது நம் ஊர் மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டார். முதலில் உதகை, பிறகு கொடைக்கானல். கொடையில் அவர் காவலில் இருந்த ‘கோஹினூர்’ பங்களாவை உள்ளூர்க்காரர்கள் இன்றும் காட்டுவார்கள்.

1980-களின் இறுதியில் தொடங்கிய ரோப்கார் வேலை, தீவிரவாதம் வெடித்ததால் நின்றுபோனது. விடுதிகள் பூட்டப்பட்டன. 1998-ல் கோங்தூரி வரையிலும், 2005-ல் அஃபர்வட் மலையின் தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரையிலும் ரோப்கார் ஓடத் தொடங்கியபின் உலகெங்குமிருந்து பனிச்சறுக்குக்காரர்கள் வந்தார்கள். ஒழுங்குசெய்த சரிவோடு நிற்காமல் அதைத் தாண்டிக் காட்டுப்பனியில் இறங்கி, தேவதாருக் காட்டின் ஊடே தங்மார்க் வரை சறுக்குவதுதான் அவர்களுக்குப் பிடித்தது. ஆபத்தும் அங்கேதான். 2010 பிப்ரவரியில் கிலன்மார்க் பக்கம் சரிந்த பனி, பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்களின் உயிரைக் குடித்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடி பிடித்த ஆரிஃப் கான், இந்தச் சரிவுகளில் பழகியவர்.

குல்மார்க் போகும் தமிழர்களை வழிகாட்டிகள் ‘பாபி’ இந்திப் படத்தில் பாட்டு எடுத்த குடிலுக்குத்தான் முதலில் அழைத்துப் போகிறார்கள். மேட்டில் நிற்கும் நெடூஸ் ஹோட்டலை யாரும் காட்டுவதில்லை. அதே குடும்பத்தின் பின்தலைமுறைதான் அதை நடத்திவந்தது. மன்னர், ராணுவம், சினிமா என்று மட்டுமே அந்த மலையின் கதையைச் சொல்வது நியாயமில்லை. 130 ஆண்டுகளுக்கு மேலாக வந்தவர்களுக்குச் சோறும் வெந்நீரும் தந்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் யாராவது ராணுவத்தில் இருந்து குல்மார்க் பள்ளியில் பயிற்சி பெற்றிருந்தால், அவர்களிடம் அந்த நாட்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பழைய கடிதமோ படமோ இருந்தால் நகல் போதும். இத்தொடரில் உரிய பெயரோடு வெளியிடுவோம்.

(தொடரும்)