பயிற்சி மருத்துவர்களின் நடத்தை நெறி: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலிருந்து மேல்சிகிச்சைக்காகச் சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவோர், அங்கு முதலில் சந்திப்பது பெரும்பாலும் பயிற்சியில் உள்ளவர்களையே ஆகும்.

இவர்கள் மூவகையினர். நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பவர் மருத்துவ மாணவர்; அவர் தாமாகச் சிகிச்சை அளிக்க இயலாது. பாடத்தை முடித்து ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர் பயிற்சி மருத்துவர் (ஹவுஸ் சர்ஜன்). தற்காலிகப் பதிவு மட்டுமே பெற்றவராதலால் மேற்பார்வையின்கீழ்ப் பணிபுரிவார். எம்.டி., எம்.எஸ். பயில்வோர் முதுநிலை மாணவர்; முழுப் பதிவு பெற்ற மருத்துவர்கள். மூன்றாண்டுப் படிப்பில் மூன்று மாதம் இவர்கள் மாவட்ட மருத்துவமனைகளிலும் பணியாற்றுகின்றனர். சிகிச்சைக்கு இறுதிப் பொறுப்பேற்பவர் பிரிவுத் தலைமை மருத்துவரே.

கெளுத்தி முள் குத்திக் கை வீங்கி வரும் ஒருவரிடம், எப்போது குத்தியது, முள் உள்ளே முறிந்ததா, சர்க்கரை நோய் உண்டா என்று மூவர் அடுத்தடுத்துக் கேட்கக்கூடும். இது சலிப்பூட்டினும் பயனற்றதன்று; முதலாமவரிடம் சொல்ல மறந்தது மூன்றாமவரிடம் வெளிப்படுவதுண்டு. ஆயினும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் மாணவரா, மருத்துவரா என்பதையும் முதலில் கூறுதல் வேண்டும். கூறாவிடில் நீங்களே கேட்கலாம். முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுவதால், சிலருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். சொன்னது புரியவில்லையெனில், தமிழ் அறிந்த செவிலியரையோ மருத்துவரையோ அழைக்கக் கோருங்கள்.

கற்பித்தலுக்காக மாணவர்கள் உங்களைப் பரிசோதிக்க உங்கள் இசைவு தேவை. மறுப்பதால் சிகிச்சை குறையாது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கையில் ஒரு பெண் உடனிருத்தல் வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு எழுத்துமூல ஒப்புதல் வேண்டுமென 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. நடைமுறையில் படிவத்தை நீட்டுபவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவரே. என்ன செய்யப்போகிறார்கள், செய்யாவிடில் என்ன ஆகும், கை மீண்டும் வலை இழுக்க எத்தனை நாளாகும் என்பவற்றை அவரால் விளக்க இயலாதெனில், விளக்கக்கூடியவர் வரும்வரை கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இடாதீர்கள். உயிர் காக்கும் அவசரத்தில் மட்டும் தாமதம் கூடாது.

பாடு முறையில் தம் முறை வந்துவிட்டதென்று, காயம் ஆறுமுன்னரே வீடு திரும்ப விரும்புவோர் உண்டு. அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காகக் கடிந்துகொள்வது அவர் பணியன்று. எந்த நாள்வரை தண்ணீரில் கை வைக்கலாகாது, கட்டை எங்கே மாற்றலாம் என்று கூறுவதே அவர் கடமை. நோயாளி கோபத்துடன் வெளியேறும் பல நிகழ்வுகள், இவ்விரு வார்த்தைகள் பேசப்படாமையாலேயே நேர்கின்றன.

ஒரே குப்பத்தார் பலர் ஒரே வார்டில் இருக்கும்போது மறைகாத்தல் கடினம். ஆதலால் அதிகக் கவனம் வேண்டும். காசநோய், எச்.ஐ.வி., கருத்தரிப்பு ஆகியவற்றை அடுத்த படுக்கைக்குக் கேட்கும்படி அறிவித்தல் நெறிமீறலாகும். அடையாளம் தெரியும்படி உங்கள் படத்தையோ நோய் விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடுவதும் அவ்வாறே. கைப்பேசியில் காயத்தைப் படமெடுத்தால், எதற்கென்று கேளுங்கள். குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் கிராமங்களுக்கு வரும் மாணவர்களுக்கும் இந்நெறி பொருந்தும்.

குறை இருப்பின் வார்டு செவிலியர், பிரிவுத் தலைமை மருத்துவர், நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.), டீன் என்ற வரிசையில் தெரிவிக்கலாம். 104 என்ற எண்ணிலும் கூறலாம். பதிவுபெற்ற மருத்துவரின் நெறிமீறல் குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். மருத்துவ ஆவணங்களை நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கோரினால், 72 மணி நேரத்திற்குள் வழங்குதல் வேண்டும்.

கைகலப்பு எந்நிலையிலும் தீர்வன்று. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது 2008ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இரவுப் பணியில் நெடுநேரம் விழித்திருக்கும் இளம் மருத்துவரே பெரும்பாலும் இதற்கு இலக்காகிறார்.

வீடு திரும்பும்போது விடுவிப்புச் சுருக்கத்தைப் பெற்று, அதில் பிரிவின் பெயரும் மறுபரிசோதனை நாளும் உள்ளனவா எனப் பாருங்கள். அதை நெகிழி உறையிலிட்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ காட்டுங்கள்.